லவார் நட்ட கம்பம்

கம்பத்தை முதலில் நட்டான் லவார். கார் பிறகு தானாக வந்து சேரும் என்பது அவன் நினைப்பு.

ட்ரெமான்டன் ஊருக்குள் நுழையும்போது இடது கைப்பக்கம் அவன் கடை. பாசனக் குழாய், பம்பு, மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டி என்று விற்பான். வாசலில் டெலிபோன் கம்பத்தைவிட உயரமாக ஓர் இரும்புக் கம்பம். அடியில் ஒரு லாரி சிமென்ட். உச்சியில் ஒரு காரை உட்கார வைக்கத் தோதாக, தொட்டில் மாதிரி ஒரு தாங்கி. தாங்கி காலியாக இருந்தது. யாராவது அண்ணாந்து பார்த்தால், லவார் தன் தலையிலிருந்த சிவப்புத் தொப்பியை ஒருமுறை தொட்டுக்கொண்டு சொல்வான்: "ஆகஸ்ட் முடியட்டும். நம்ம தேய்ன் கார் வந்து ஏறிக்கும்."

தேய்ன், லவாரின் மனைவி ஆர்டெத்துக்குத் தம்பி. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். மனிதர்களைவிட மாடுகள்தான் அவனிடம் அதிகம் பேசும். ஒவ்வொரு ஆகஸ்டும் தன் காரை பானவில் உப்பு வெளியில் நடக்கும் வேகப் போட்டிக்குக் கொண்டுபோய், அத்தனை வருடமும் லவாரின் வேகத்தை முறியடிக்க முடியாமல் திரும்பி வந்தவன். இந்தக் கதை நடந்த ஆகஸ்டுக்கு முந்தைய நவம்பர் விருந்தில்தான் வினை வந்தது. தேய்ன் வாய் நிறைய வான்கோழி. எதிரே லவார்.

"மாப்ள, அடுத்த வருஷமும் முடியலன்னா அந்த டப்பாவ எனக்குக் குடுத்துரு. கடைக்கு போர்டா வெச்சுக்கறேன்."

தேய்னுக்குக் குழம்புக் கிண்ணம் வேண்டியிருந்தது. அதைத் தள்ளச் சொல்லித் தலையை ஆட்டினான். அந்தக் குடும்பத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம், பின்னால் ஜெபம். நடுவில் ஆட்டுகிற தலை சத்தியத்துக்குச் சமம். அடுத்த வாரமே சிமென்ட் லாரி வந்துவிட்டது.

அந்தச் சிவப்புத் தொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உப்பில் இருநூறு மைல் வேகத்துக்கு மேல் போய், இருக்கிற சாதனையையும் உடைத்தவனுக்குத்தான் அது. காசு கொடுத்து வாங்க முடியாது. லவார் அதைச் சர்ச்சில் மட்டும் கழற்றுவான். அப்போதும் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருப்பான். இரவில் கட்டில் முனையில் மாட்டி வைப்பதாக ஆர்டெத் சொல்வாள். அது உண்மையல்ல. இருவருக்கும் நடுவில்தான் வைத்துக்கொண்டான். அந்தக் கோபத்தில்தான் அவள் புருஷன் காருக்கு எஞ்சின் கட்டுவதை விட்டுத் தம்பி காருக்குக் கட்ட ஆரம்பித்தாள். எங்கள் வட்டாரத்தில் அவளைப் போல எஞ்சின் கட்ட ஆள் கிடையாது. லவாரின் சாதனையும் அவள் கட்டிய எஞ்சினில் ஓட்டியதுதான். லவார் செய்தது பெடலை மிதித்தது. அதை நன்றாக மிதித்தான், இல்லையென்று சொல்லக்கூடாது.

தேய்னின் கார், போர் விமானத்தின் வயிற்றில் தொங்கும் எரிபொருள் தொட்டியில் செய்தது. சண்டை முடிந்த பிறகு அவை மலிவாகக் கிடைத்தன. இதை ஒரு பண்ணைக்காரர் கோழிக்கூடாக வைத்திருந்தார். அடைகாத்த கோழி வெளியே வர மறுத்ததால் தேய்ன் அதையும் சேர்த்தே வாங்கினான். நீர்த்துளி மாதிரி வடிவம். முன்னால் ஆள், நடுவில் எஞ்சின், பின்னால் வால், வால் நுனியில் காரை நிறுத்த ஒரு பாராசூட். நான்கு சக்கரமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

தேய்னுக்கு ஒரு மதம் உண்டு. சர்ச்சில் சொல்லித் தருவது வேறு. இது எடையைக் குறைக்கிற மதம். எதைப் பார்த்தாலும் துளை போடுவான். பெடலில் துளை, இருக்கையில் துளை, கைப்பிடியில் துளை. அவன் பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பிலும் துளைகள் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் குளிர்காலத்தில் துளை போட வேறு இடம் கிடைக்காமல், காரின் வால் பக்கத்து அடித்தகட்டிலும் வரிசையாகப் போட்டுவிட்டான்.

"ஈயக் கட்டிய வெய்யிடா," என்று ஆர்டெத் வருடா வருடம் கத்துவாள். "உப்பு மேல சக்கரம் வழுக்குது. ஈரத் தரையில சோப்பு மாதிரி. அழுத்தறதுக்கு எடை வேணும். எல்லாரும் முட்டாளா ஈயத்தச் சொமந்துக்கிட்டுப் போறாங்க?"

"பாரம்னாலே மெதுவுதான், அக்கா. மாட்டக் கேளு."

மாட்டைக் கேட்க ஆர்டெத்துக்கு நேரமில்லை.

என் வேலை தள்ளுவது. இந்தக் கார்கள் தாமாகக் கிளம்பா. பல் சக்கரங்களை உச்சி வேகத்துக்கென்றே பொருத்தியிருப்பதால் நின்ற இடத்திலிருந்து இழுக்கத் திணறும். பின்னால் ஒரு டிரக் முட்டுக் கொடுத்து, அறுபது மைல் வேகம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட வேண்டும். அப்புறம் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், கார் பறந்துவிடும். நான் ஓரமாக ஒதுங்கி, தூசிக்குப் பதிலாக உப்பைத் தின்றுகொண்டு பின்னால் போவேன். என் பெயர் க்ளாய்டு. பக்கத்து வீட்டுக்காரன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

அந்த வருடம் திங்கட்கிழமை உப்பில் இறங்கினோம். உப்பு நன்றாக இருந்தது. நடுவில் கார்களுக்கு வழிகாட்டும் கறுப்புக் கோடு, கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை, அந்தரத்தில் மிதக்கிற மலைகள். அவ்வளவு சமதளம் அது. பொறுமையாக முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தால் சாயங்காலத்துக்குள் உங்கள் பிடரியே உங்களுக்குத் தெரிந்துவிடும். வெயில் கீழேயிருந்து அடிக்கும். மூக்குத் துளைக்குள் தோல் உரியும். அரைக்கால் சட்டை போட்டு வந்தவர்கள் அந்த வாரம் முழுக்க உட்கார மாட்டார்கள்.

எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே லவாரின் கூடாரம். அவன் அந்த வருடம் ஓட்டவில்லை. சாதனையைக் காவல் காக்க வந்திருந்தான். ஒரு பெரிய தண்ணீர் டேங்கர், மூன்று இரும்புப் பானைகள், மடக்கு நாற்காலி, தொப்பி. உப்பில் யாருக்கு என்ன குறைந்தாலும் எதிரிதான் முதலில் கொடுக்க வேண்டும். தன் சாதனையை உடைக்க வந்தவனுக்குத் தன் கார் டயரையே கழற்றிக் கொடுத்தவர்கள் உண்டு. அங்கே அது பெருந்தன்மையில் சேராது, சாதாரண மரியாதை. லவாரும் அப்படித்தான். வாயால் குத்துவான், கையால் கொடுப்பான்.

"என்ன மாப்ள, அடியிலயும் ஓட்டையா? இது காரா, வடிகட்டியா?"

"காத்த வடிகட்டிக்கிட்டே போவும் மச்சான்."

"போ, போ. கம்பத்து மேல ஏத்தும்போது லேசா இருந்தா கிரேன்காரனுக்கும் சுலபம்."

லவாரின் சாதனை இருநூற்றொன்றரை மைல். திங்கட்கிழமை தேய்ன் நூற்றுத் தொண்ணூற்று மூன்று போனான். செவ்வாய் நூற்றுத் தொண்ணூற்றேழு. புதன் இருநூற்றொன்று. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கார்புரேட்டரில் தான் மாற்றிய, பெட்ரோல் பீய்ச்சும் ஜெட்தான் காரணம் என்றாள் ஆர்டெத். ஒவ்வொரு மத்தியானமும் தான் கூடுதலாகப் போட்ட துளைகள்தான் என்றான் தேய்ன். திங்கட்கிழமையிலிருந்து நான் காலுறை மாற்றவில்லை என்பதை அடக்கமாக நினைவூட்டினேன்.

இன்னொன்றும் சொன்னேன். "ஆர்டெத், இந்த டிரக் தேஞ்சு போச்சு. நாளுக்கு நாள் கார் என்னத் திருப்பித் தள்ளுது."

"டிரக் தேயல, நீதான் தேயற," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பதில்.

வியாழக்கிழமை காலை தேய்ன் இருநூற்றைந்து மைல் போனான்.

ரேடியோவில் அந்த எண்ணைச் சொன்னதும் லவார் நாற்காலியை மடித்தான், மறுபடி விரித்தான், உட்காரவில்லை. நேராக வந்து தேய்னின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "நல்ல ஓட்டம் மாப்ள."

ஆனால் ஒரு ஓட்டம் சாதனை ஆகாது. இரண்டு ஓடி, இரண்டின் சராசரி இருநூற்றொன்றரையைத் தாண்ட வேண்டும். முதல் ஓட்டம் முடிந்த காரைக் கயிறு கட்டிய ஒரு வளையத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பட்டி என்போம், மாட்டுப்பட்டி மாதிரி. அங்கே நான்கு மணி நேரம் காரில் என்ன வேலை வேண்டுமானாலும் பார்க்கலாம். நேரம் முடிந்ததும் வாசலையும் கயிற்றால் கட்டிவிடுவார்கள். அப்புறம் மறுநாள் விடியற்காலை இரண்டாவது ஓட்டம் வரைக்கும் யாரும் ஒரு திருகாணியைத் தொட முடியாது. அதே கார், அதே டிரைவர்.

பட்டிக்கு அதிகாரி ஃபெர்ன் அம்மாள். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தபால்தலை கோணலாக ஒட்டியிருந்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிற வகை.

புது ஸ்பார்க் பிளக் வாங்க ஆர்டெத் வெண்டோவர் ஊருக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வருவதற்குள் பட்டியில் காரைத் துடைத்து வைக்கச் சொல்லியிருந்தாள். துடைக்கத்தான் சொன்னாள். அப்போதுதான் லவார் தன் டேங்கரையும் பம்பையும் இழுத்துக்கொண்டு வந்தான்.

"மாப்ள, துணியால தொடைச்சா உப்பு போவாது. நல்ல தண்ணி கொண்டாந்திருக்கேன். அலசிரலாம். நாளைக்கு போட்டோ எடுப்பாங்க."

உப்பில் கழுவுவது பெரிய புண்ணியம். கழுவாத இரும்பை ஒரே குளிர்காலத்தில் உப்பு தின்றுவிடும். அதனால் கழுவ வருகிறேன் என்று சொல்கிறவனை யாரும் வேண்டாம் என்பதில்லை. லவாரோ எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவன். எங்களில் யாரும் ஒருநாளும் திறந்து பார்க்காத வால் பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளே குழாயை விட்டான்.

உள்ளேயிருந்து உப்பு வந்தது.

முதலில் கரைந்து வந்தது. பிறகு கட்டி கட்டியாக வந்தது. அடித்தகட்டில் தேய்ன் போட்ட துளைகள் வழியாக ஓட்டத்துக்கு ஓட்டம் ஈர உப்பு ஏறி, வால் முழுவதும் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. லவார் கடப்பாரையால் குத்தினான், நான் மண்வெட்டியால் வாரினேன். காருக்குப் பின்னால் ஒரு கன்றுக்குட்டி படுத்திருக்கிற அளவுக்குக் குவியல். காதுகூட இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேய்னுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "பாத்தியா மச்சான்! இவ்வளவு பாரத்தையும் இழுத்துக்கிட்டு இருநூத்தஞ்சு போயிருக்கேன். இது இல்லாம நாளைக்கு இருநூத்தி இருபது!"

லவாரின் கை நின்றது. குவியலைப் பார்த்தான். தன் சாதனையைத் தானே தண்ணீர் ஊற்றி அழித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. தொப்பியை எடுத்து நெற்றியைத் துடைத்தான். மறுபடி போட்டுக்கொண்டு, "மூலையில இன்னும் கொஞ்சம் இருக்கு, நகரு" என்று குழாயை உள்ளே விட்டான். கடைசித் துணுக்கு வரைக்கும் எடுத்தான். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். காப்பி அவன் சர்ச்சில் விலக்கு; நான் அதைக் குடிக்கும்போதெல்லாம் பாவியைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் அவன். இருந்தாலும் அன்றைக்கு அவன்மேல் எனக்கு மதிப்பு வந்தது.

மூடியைத் திருகி முடித்தோம். ஃபெர்ன் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார், கயிற்றைக் கட்டினார். ஆர்டெத்தின் வண்டி அப்போதுதான் வந்து நின்றது. நடுவழியில் டயர் பஞ்சராம். பிளக் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, காருக்குப் பின்னால் கிடந்த குவியலைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"உன் தம்பி வால்ல இருந்துச்சு," என்றான் லவார், சோகமாக. "நான்தான் கழுவிவிட்டேன். போ, சந்தோஷப்படு."

ஆர்டெத் சந்தோஷப்படவில்லை. என் பக்கம் திரும்பினாள். "க்ளாய்டு, டிரக் திங்கட்கெழமைய விட செவ்வாக்கெழமை கஷ்டப்பட்டுச்சா?"

"ஆமா."

"அதவிட புதன்?"

"ஆமா. நேத்தவிட இன்னைக்கு. நீகூட நான் தேயறேன்னு..."

"தேய்ன், இந்தக் கார் எடை ஏற ஏறத்தான்டா வேகமா போயிருக்கு! உப்பு உள்ள ஏறி ஏறிச் சக்கரத்த அழுத்தியிருக்கு. நான் இத்தன வருஷமா வெய்யி வெய்யின்னு கத்துன ஈயத்த அந்த உப்பு வெச்சிருக்கு. இப்ப எல்லாத்தையும் எடுத்து வெளிய கொட்டிட்டு நிக்கிறீங்க மூணு பேரும்!"

காலிக் கார், திங்கட்கிழமைக் கார். திங்கட்கிழமைக் கார் நூற்றுத் தொண்ணூற்று மூன்றுதான் போகும். சராசரிக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் வேண்டும். கயிறு கட்டியாகிவிட்டது.

லவாரின் உதட்டு ஓரத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. பாதி வழியிலேயே அது செத்துப்போனது.

"அய்யய்யோ," என்றான். "இப்ப ஊர்ல என்ன சொல்லுவாங்க? லவாரு தண்ணி ஊத்தி ரெக்கார்டக் காப்பாத்திக்கிட்டான்னுதான சொல்லுவாங்க? இந்தத் தொப்பிய நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போடறது?"

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஃபெர்ன் அம்மா, நாலே நாலு ஈயக் கட்டி. என் வண்டியிலயே இருக்கு. ஒரே நிமிஷம்."

"மணி ஆச்சு."

"தப்பு என்னோடதும்மா."

"நல்லது. தப்ப ஒத்துக்கறது ஆத்மாவுக்கு நல்லது. கயித்த விடுங்க. ஜனாதிபதியே வந்தாலும் நாளைக்குக் காலைல வரைக்கும் இந்தக் காரத் தொட முடியாது."

"டிரைவரத் தொடலாமா?"

ஃபெர்ன் அம்மாள் யோசித்தார். "டிரைவர் எடைக்கு விதி எதுவும் இல்ல. ஆனா சட்டைப் பையில ஈயத்த வெச்சுக்கிட்டு வந்தா ஓட்டவிட மாட்டேன்."

"பையில இல்லம்மா," என்றான் லவார். "வயித்துல."

வெயில் இறங்கும்போது மூன்று பானையும் அடுப்பில் இருந்தன. சாவு வீட்டு உருளைக்கிழங்கு. எங்கள் பக்கம் யார் செத்தாலும் அதைத்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்: துருவிய கிழங்கு, பாலாடைக்கட்டி, புளித்த பாலேடு, மேலே நொறுக்கிய சோளப்பொரி. ஒரு கரண்டி தின்றால் துக்கம் போகும். இரண்டு கரண்டி தின்றால் எழுந்திருக்க முடியாது. லவார் தன் கையால் பரிமாறினான்.

"தின்னு மாப்ள."

"மச்சான், போதும். மூச்சு முட்டுது."

"மூச்சுக்கு எடை கெடையாது, அத விட்டுரு. கெழங்கத் தின்னு."

"இதுக்கு முன்னாடி எடை வேணாம்னு நான்தான..."

"இப்ப உன் மதத்தப் பத்திப் பேசாத. வாயத் தொற."

ஆர்டெத் பக்கத்திலேயே உட்கார்ந்து புருஷனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை ஜெல்லி, அதற்குள் கேரட். தேன் தடவிய பொரித்த ரொட்டி. வாளியில் ரூட் பீர், போதை இல்லாத வேர்ப் பானம். சேதி பரவிப் பக்கத்துக் கூடாரத்துக்காரர்களெல்லாம் தட்டோடு வந்தார்கள், தாங்கள் சாப்பிட அல்ல. இரண்டாவது பானையில் தேய்னின் பெல்ட் அறுந்தது. மூன்றாவது பானையில் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி உப்புக்குள் இறங்கியது. நான்கு கால்களும் முழங்கால் வரைக்கும். ஈர உப்பு அப்படித்தான் இறங்கும் என்று ஆர்டெத் சொன்னாள். இருக்கலாம்.

விடியற்காலையில் தேய்ன் எங்கள் டிரக்கில் ஏறியபோது அவன் பக்கம் டிரக் சாய்ந்தது. டிரைவர் போட வேண்டிய, தீப்பிடிக்காத வெள்ளி நிறச் சட்டையின் ஜிப்பை மேலே இழுக்க ஆர்டெத்தும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது. ஃபெர்ன் அம்மாள் வந்து சுற்றிப் பார்த்தார்.

"இது உங்க சட்டைதானா?"

"நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சும்மா."

பையெல்லாம் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. வயிற்றில் ஒரு விரலால் தட்டினார். தர்பூசணிச் சத்தம் வந்தது. "போகலாம்," என்றார்.

காருக்குள் அவனைச் செருகினோம். அதற்கு வேறு சொல் கிடையாது. பெல்ட்டுகளை இறுக்கும்போது தேய்ன் ரகசியமாகக் கேட்டான்.

"க்ளாய்டண்ணே, கோட்டுக்கு இடது பக்கம் சேறு எங்க ஆரம்பிக்குது?"

"மொத மைல் பலக தாண்டினதும். ஏன், கால் கழுவணுமா?"

ஆர்டெத் மூடியைச் சாத்தினாள்.

தள்ளினேன். டிரக் சிட்டுக்குருவி மாதிரிப் போனது. அவ்வளவு லேசாகப் போகக்கூடாது. மூன்று பானைக் கிழங்கால் அந்தக் கன்றுக்குட்டிக்கு ஈடுகட்ட முடியவில்லை. அறுபது வந்ததும் எஞ்சின் பிடித்தது, கார் கிளம்பியது. நான் ஓரமாக ஒதுங்கினேன். பின் சக்கரம் இரண்டும் உப்பைக் கடைவதுதான் தெரிந்தது. வால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. எஞ்சின் சத்தம் மட்டும் மேலே போனது, வேகம் போகவில்லை.

திருப்பிக்கொண்டு வந்து லவார் பக்கத்தில் நின்றேன். அவன் காதில் ரேடியோ, கண்ணில் பைனாகுலர். ஆர்டெத் கையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வழுக்குறான்," என்றாள். "மிதிக்காதடா, மெதுவா, மெதுவா..."

அப்போது கார் கறுப்புக் கோட்டைவிட்டு விலகியது. இடது பக்கம். சேற்றுப் பக்கம்.

அந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். மேலே பொருக்கு, கீழே களி. சக்கரம் புதைந்தால் கார் கரணம் அடிக்கும்.

"கட்டுப்பாடு போச்சு!" என்று கத்தினான் லவார். "பாராசூட்ட இழுடா! தேய்ன்! நிறுத்துடா, கம்பத்த நானே பிடுங்கிப் போட்டுர்றேன், நிறுத்து!"

"போகல," என்றாள் ஆர்டெத். பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்தாள். "கட்டுப்பாடு போகல. வேணும்னேதான் போறான். லவாரு, அவன் வார்றான்! உப்ப வார்றான்!"

காருக்குப் பின்னால் எப்போதும் கிளம்புகிற வெள்ளைத் தோகை காணவில்லை. சேறும் உப்பும் வெளியே போகாமல் அடித்தகட்டுத் துளைகள் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. எடை பிசாசு என்று சொல்லி வாழ்நாள் முழுக்கத் துளை போட்டவன், அந்தத் துளைகளாலேயே எடையை அள்ளிக்கொண்டு போனான். ஒரு மைல் தூரம் அப்படி உழுதுகொண்டு போனான். வால் ஆடுவது குறைந்தது. பிறகு நின்றது. எஞ்சின் சத்தம் மாறியது. முன்பு ஓலம், இப்போது உறுமல். மெல்ல வலது பக்கம் வந்து கோட்டைப் பிடித்தான். வேகம் அளக்கிற மைலின் முதல் விளக்குக்கு முன்னால் கோடு அவன் மூக்குக்கு நேராக இருந்தது. சத்தம் எங்களிடம் வந்து சேர்வதற்குள் கார் வெயிலுக்குள் கரைந்துவிட்டது.

வெகுநேரம் கழித்து, மலைக்கு அடியில் பாராசூட் ஒரு முட்டை மாதிரி மலர்ந்தது.

ரேடியோக்காரர் தொண்டையைச் செருமினார். "நூத்தித் தொண்ணூத்தெட்டே கால்."

ஆர்டெத் உப்பில் குச்சியால் எழுதிக் கூட்டினாள். முதல் தடவை தப்பாக வந்தது. இரண்டாவது தடவை கூட்டும்போது லவாரும் குனிந்து விரலால் கூடவே கூட்டினான். சராசரி லவாரின் சாதனையைத் தாண்டியிருந்தது. எவ்வளவு என்று கேட்டால், அடைகாக்கிற கோழி தலையைத் திருப்பிப் பார்க்கிற வேகம். அவ்வளவுதான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஃபெர்ன் அம்மாள் எங்களுக்கு முன்னால் அங்கே நின்றிருந்தார். தேய்னின் உழவுத் தடத்தை நடந்து பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"கோட்ட விட்டுப் போனீங்க."

"போனேம்மா."

"பலக எதையும் தட்டல. விளக்குக்கு நடுவுலதான் போயிருக்கீங்க." பேனாவை மூடினார். "வழியில எடுத்துக்கிட்ட எடைக்கும் விதி இல்ல. அடுத்த வருஷம் இருக்கும்."

தேய்ன் காருக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. வர முடியவில்லை. லவார் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து இழுத்தோம். வெள்ளிச் சட்டை முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரை கிழிந்தது. வெளியே வந்ததும் உப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"மச்சான், கம்பம்?"

"வாய மூடு," என்றான் லவார். அவன் கண் கலங்கியிருந்தது. உப்பு என்று சொன்னான். அங்கே எல்லோருக்கும் அந்தச் சாக்கு உண்டு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொப்பி கொடுத்தார்கள். பழைய சாதனைக்காரன்தான் புதியவன் தலையில் தொப்பியை வைக்க வேண்டும். லவார் வைத்தான். கோணலாக இருந்ததை நேராக்கினான். மறுபடி கோணலாக்கினான். "இப்பதான் நல்லா இருக்கு," என்றான். ஆர்டெத் கை தட்டினாள். லவாரை அவள் அவ்வளவு ஆசையாகப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அன்றிலிருந்து கட்டிலில் நடுவில் எதுவும் இல்லை என்று கேள்வி.

வேகம் எதனால் வந்தது என்பதில் மட்டும் இன்றுவரைக்கும் யாரும் ஒத்துப்போகவில்லை. உப்பு என்கிறாள் ஆர்டெத், கணக்குப் போட்டுக் காட்டுவாள். துளை என்கிறான் தேய்ன். கிழங்கு என்கிறான் லவார். கிழங்கு இல்லாவிட்டால் சேற்றில் கார் கரணம் அடித்திருக்கும் என்பது அவன் கட்சி. சனிக்கிழமைதான் நான் காலுறை மாற்றினேன் என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கம்பம் மிச்சம். ஒரு லாரி சிமென்ட்டைப் பிடுங்க முடியாது. காலியாக விட்டால் ஊர் சிரிக்கும். லவார் ஒரு மாதம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு நாள் கிரேனைக் கூப்பிட்டு, மூன்று பானைகளில் பெரியதைத் தாங்கியில் ஏற்றிவிட்டான். பைப் வாங்க வந்தவர்கள் பானையைப் பார்த்துவிட்டுக் கிழங்கு கேட்டார்கள். முதலில் இல்லை என்றான். பிறகு மத்தியானத்துக்கு மட்டும் என்றான். அடுத்த கோடைக்குள் பைப் எல்லாம் பின்கட்டுக்குப் போய்விட்டது, முன்பக்கம் மேஜை போட்டுவிட்டான். வியாழக்கிழமைதான் கூட்டம் அதிகம். தேய்ன் கிழங்குத் தட்டைத் தள்ளிவிட்டு ஜெல்லி மட்டும் சாப்பிடுவான். கரண்டியில் துளை இருக்கும்.